திரும்பும் திசைக்கு மட்டும்

தீவை விட்டுப் போகும்போது
பாலத்தில் யாரும் காசு கேட்பதில்லை.
திரும்பி வரும்போதுதான்
பிறையில் தடுப்பை இறக்கி வைத்திருக்கிறார்கள்.
அதனால்தான் மாட்டிக்கொண்டாய்.

டோல் அட்டையின் கணக்குத் தாளில்
நீ போனதற்குத் தடயமில்லை.
வந்ததற்கு இருந்தது:
பதினோரு புதன்கிழமை இரவுகள்,
விடியற்காலை நான்கு பத்து, நான்கு இருபத்தைந்து,
ஒருமுறை மட்டும் ஐந்தேகால்.
அன்று ஜோயலுக்குக் காய்ச்சல்.
பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்ட் என்றாய்.
ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் போகப்
பாலம் எதற்கு?

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த மாதம் முழுக்க
டயாலிசிஸ் நிலையத்தில்
பிறர் ரத்தத்தைக் கழுவி அனுப்பிக்கொண்டிருந்தேன்.
வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம்.
ஒரு தடவை கழுவினால் போதாது என்பது
அந்த வேலையில் சேர்ந்த அன்றே தெரியும்.
வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும்.

மன்னித்துவிடு என்பார் பாதர்,
ஒரு சண்டை போட்டுவிட்டு வரலாம்
என்றுதான் போனேன்.
சாப்பிட்டாயா என்று கேட்டார்.
பிறகு,
'கோபத்தோடேயே பூசைக்கு வா,
வாசலில் கழற்றி வைக்க அது செருப்பில்லை' என்றார்.

வந்தேன்.
பரலோக மந்திரத்தில் அந்த ஒரு வரி வரும்போது
வாயை மூடிக்கொண்டேன்.
பக்கத்தில் நின்ற ரீத்தம்மா
அந்த வரியை மட்டும்
இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள்.
அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.
அடுத்த ஞாயிறும் சொன்னாள்.
அதற்கடுத்த ஞாயிறும்.
ஒரு சனிக்கிழமை அவள் புருஷன்
உன்னை லாரியில் ஏற்றிக்கொண்டு
ஈப்போ வரைக்கும் போனார்,
நான் தனியாக அழுது முடிக்கட்டும் என்று.
பிள்ளைகள் அவள் வீட்டில் மீ கோரிங் தின்றார்கள்.
நான் அழவில்லை. தூங்கினேன்.

கோவில் கூடத்தில் தம்பதியர் கூட்டம்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிப்போன மைலோ.
நமக்கு நடுவே ஒரு நாற்காலியில்
என் கைப்பை உட்கார்ந்திருந்தது.
நீ எழுந்து நின்று
'பொய் சொன்னேன்' என்றாய்.
'தப்பு நடந்துபோச்சு' என்று சொல்லவில்லை.
தானாக நடந்துபோக அது என்ன மழையா?
அந்த ஒரு வித்தியாசத்துக்காக
பையை எடுத்துத் தரையில் வைத்தேன்.
வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே
என்று காரில் சொன்னேன்.

இரவு வேலையை விட்டாய்.
சம்பளம் குறைந்தது.
கைபேசியை முகம் மேலாக
அரிசி வாளி மூடியில் வைக்கிறாய்.
நான் பார்ப்பதில்லை என்று சொல்ல ஆசைதான்.
பார்க்கிறேன்.
சில நாள் நான்கு பத்துக்கு விழிப்பு வருகிறது.
நீ பக்கத்தில் தூங்குகிறாய்.
இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாயே
என்று அதற்கும் ஒரு கோபம்.
செபமாலையில் எந்த மணியில் விட்டேன்
என்பது தெரியாமல்
முதலிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூலையில் புனித அன்னம்மாள் திருநாளுக்கு
புக்கிட் மெர்தாஜம் போனோம்.
எல்லாம் தெரிந்தபின்
அந்தப் பாலத்தில் உன்னோடு முதல் தடவை.
ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டாய்.
நான் கடலில் மீன்வலைக் கம்பங்களை
எண்ணிக்கொண்டு வந்தேன்.
இருட்டியதும் மெழுகுத்திரி ஏற்றினேன்.
என்ன கேட்டேன் என்று சொல்லவில்லை.
நீயும் கேட்கவில்லை.

திரும்புகையில், பிறையில்,
உன் அட்டையில் பணம் போதவில்லை.
தடுப்பு எழவில்லை.
பின்னால் ஹார்ன்மேல் ஹார்ன்.
ஒரு லாரிக்காரர் சீனத்தில் திட்டுகிறார்.
ஸ்டியரிங்கைப் பார்த்தபடி
'மன்னிச்சிரு' என்றாய்,
அவரிடமா என்னிடமா தெரியவில்லை.

என் பையில் என் அட்டை இருந்தது.
உன் மடிக்குக் குறுக்கே சாய்ந்து
ஜன்னல் வழியே கை நீட்டி வைத்தேன்.
என் தோள் உன் நெஞ்சில் பட்டது.
எடுக்க அவசரப்படவில்லை.

தடுப்பு எழுந்தது.
'போ' என்றேன்.
'பிள்ளைங்க பசியா இருக்கும்.'