டம்மி எண் 60417

காரைக்குடி, மே மாதம்.
விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க
எட்டரைக்கே வந்துவிடுவோம், கௌரவ விரிவுரையாளர்கள்.
தாளுக்குப் பதினைந்து ரூபாய்,
நாளைக்கு நாற்பது தாள்.

வினா பதினேழு, பத்து மதிப்பெண்:
ஞானியை அரியணையில் ஏற்றிய அந்தக் கிரேக்கர்
முற்றதிகாரத்தின் முன்னோடியா? விவாதிக்க.

முப்பத்தொன்பது பேர் விவாதிக்கவில்லை.
ஒரே கைடு, ஒரே ஒன்பது குறிப்பு,
மூன்றாம் குறிப்பில் ஒரே எழுத்துப்பிழை.
சுழித்துக்கொண்டே போனேன்.
ஒரு நகரமே ஒரே குரலில் பேசுவது
காதுக்கு எவ்வளவு சுகம் என்று
அன்றுதான் தெரிந்தது.

நாற்பதாவது தாள் இப்படித் தொடங்கியது:

"கல்லுக்கட்டியில் ஓர் அடகுக்கடையில்
சாயங்கால வேலை பார்க்கிறேன் நான்.
மண்ணுக்குள்ளிருந்து வந்தோமாம் எல்லாரும்;
சிலருக்குள் தங்கம், சிலருக்குள் வெள்ளி,
மிச்சப்பேருக்குள் இரும்பும் பித்தளையும்.
பொய்தான், ஆனால் நல்ல பொய் என்கிறார் அந்தக் கிரேக்கர்.
கடையில் நகையை உரைகல்லில் இழுத்து
அமிலம் விடுவார் முதலாளி. கோடு நின்றால் தங்கம்.
மனிதனுக்கு அமிலம் விட்டுப் பாருங்கள்.
எல்லாரும் கத்துவோம்.
அந்தக் கத்தலில் இருபத்திரண்டு காரட்,
பதினெட்டு காரட் என்று கிடையாது."

விடைக்குறிப்பைத் தேடினேன்.
அமிலம் இல்லை அதில்.

தலைமைத் தேர்வாளர் சோலையப்பன் குனிந்து படித்தார்.
"வானத்தில் வரைந்து வைத்த மாதிரி நகரம்மா அது.
கட்டச் சொன்னாரா? பின்னால் வந்த பாவிகள் கட்டியதை
இவர் பேரிலா பற்று எழுதுவது?"
பக்கத்து மேசை அடைக்கலமேரி பேனாவை மூடினாள்.
"எந்தப் பிள்ளை யாருடையதென்று
பெற்றவளுக்கே தெரியக் கூடாது என்றவர் சார்.
கனவாகவே இருக்கட்டும்,
அந்தக் கனவில் நான் பால் கட்டிய மார்போடு அலைகிறேன்."
டீ வந்தது. வடை ஆறிப்போயிருக்கிறது என்பதில்
மூவருக்கும் கருத்து ஒன்றானது.

முழு என்ற சொல்லை
இதுவரை நான் சந்தேகித்ததில்லை.
முழுநிலவு. முழுத்தேங்காய். முழு மதிப்பெண்.
குறை வைக்காமல் பரிமாறுகிற ஊர் இது;
இங்கேயும், போதும் என்று கையை மறிக்க
இலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.

"குறிப்பில் இல்லை. இரண்டு போடுங்கள்" என்றார் சோலையப்பன்,
கருணையோடுதான்.

தாளைப் புரட்டினேன். கடைசி வரி
மணியடித்த பதற்றத்தில் சரிந்து ஓடியது:

"தங்கமே வந்து ஆளட்டும் ஐயா, நான் தடுக்கவில்லை.
ஆனால் மாற்றுக் குறைந்த அன்றைக்கு
அதை இறக்கி வைக்க ஒரு"

அவ்வளவுதான். பிறகு வெறும் கோடுகள்.
வழியா, வாசலா, கிழமையா,
வெளியே கல்லூரிச் சாலையில் பள்ளத்தூர் பஸ்
ஹாரன் அடித்துப் போகும்வரை
அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

எட்டு போட்டுச் சுழித்தேன்.
மறுபார்வையில் அவர் அதைப் பச்சை மையில் மாற்றலாம்.
விதி இருக்கிறது.
மாற்றினால் ஏன் என்று
ஓரத்தில் எழுத வேண்டும் என்றும்.