பழுது

பிப்ரவரி பதின்மூன்று.
தட்டோன் திடலில் பனி இன்னும் விலகவில்லை.
இலவ மரம் மட்டும் விழித்துக்கொண்டு
செம்பூவை ஒவ்வொன்றாய்
சாமியானா மேல் போட்டுக்கொண்டிருந்தது,
தொப், தொப்பென்று.

மேடையில் போஜோவின் படம்.
அதே கனத்த கோட்டு.
நூறு தாண்டிய பிறந்தநாள் என்கிறார்கள்,
முகத்துக்கு முப்பத்திரண்டுதான்.
என் மூத்தவன் இப்போது
அவரைவிட ஒரு வயது பெரியவன்.

வாசலில் அட்டை கேட்டார்கள்.
பெட்டிக்கு அனுமதிக் கடிதம் இருந்தது.
குழாய் ஒலிபெருக்கி நாலு, வயர் இருநூறு அடி,
எல்லாம் முத்திரையோடு.
எனக்கு இருந்தது பச்சை அட்டை.
ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி ஒட்டியிருந்த முகத்தை.
அதில் என் பெயர் கோ த்தேன்.
சோலையப்பன் என்று கூப்பிடுகிறவர்கள்
இந்த ஊரில் ஒன்பது பேர்,
அதில் இரண்டு பேர் கடன் கொடுத்தவர்கள்.

தித், ஹ்னித், தோன்.
தித், ஹ்னித், தோன்.
பர்மியில் எண்ணித்தான் மைக் பார்ப்பேன்.
முப்பது வருஷப் பழக்கம்.
அந்த எண்ணுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எட்டு மணிக்கு அதிகாரி பேசினார்.
எட்டே முக்காலுக்கும் அவரே பேசினார்.
பிறகு பரிசு வாங்கிய பேச்சு:
ஐந்தாம் வகுப்பு, மீ மீ கைங்.
கன்னத்தில் தனாக்கா வட்டம்,
மைக்குக்கு எட்டாத உயரம்.
தண்டை இறக்கிக் கொடுத்தேன்.

'அவர் சிறுவனாக இருந்தபோது'
என்றதும் நின்றுவிட்டாள்.
மறுபடி, 'அவர் சிறுவனாக இருந்தபோது.'
அவ்வளவுதான்.
முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
டீச்சர் உதட்டை மட்டும் அசைத்தாள்,
அந்தப் பனியில் அது யாருக்குத் தெரியும்.
பிள்ளை எச்சில் விழுங்கியது
நாலு குழாயிலும் கேட்டது.
என் பெட்டி அவ்வளவு சுத்தம்.

ஏன் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.
குமிழைத் திருகினேன்.
கீச்சென்று ஓர் ஊளை. பிறகு ஒன்றுமில்லை.
பிள்ளையை விட்டுவிட்டுத்
திடலே என்னை முறைத்தது.

ஓடினேன், மேடையேறினேன்,
வயரைப் பிடுங்கினேன், செருகினேன்,
தட்டினேன், ஊதினேன்.
நேரம் இழுக்க வேண்டும், எதையாவது எண்ண வேண்டும்.
பதற்றத்தில் வாயில் வந்தது

ஒண்ணு
ரெண்டு
மூணு
நாலு

எங்கள் தெருவுக்கு வெளியே
உரக்கச் சொல்லாத எண்கள்
ரயிலடியைத் தாண்டி
மலைப் பகோடா வரைக்கும் போய்விட்டன.
அஞ்சு சொல்வதற்குள்
மீ மீ கைங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரிப்புக்குப் பின்னாலேயே வரியும் வந்தது.
மிச்சத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.
திடல் முழுக்கக் கைதட்டல்.

வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார் அதிகாரி.
பழுதான சாமான், என்றார்.
ஆமாம் ஐயா, பழுதுதான் என்றேன், பர்மியில்.

வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது
கையில் பரிசு டம்ளரோடு
என்னைக் கடந்து போனாள், தனக்குள் முணுமுணுத்தபடி.
ஒண்ணு, யெண்டு,
ஒண்ணு, யெண்டு,
அதற்கு மேல் தெரியாமல்
மறுபடி
ஒண்ணு.