பக்கம் நாற்பத்தாறு

முதல் பிரதியோடு ஜெலுத்தோங் வீட்டுக்குப் போனபோது
அண்ணன் பிஸ்கட் கடைக்குப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தான்.
நாளொன்றுக்கு நூற்றிருபது.
"வேலை. தொந்தரவு செய்யக்கூடாது."

எண்பத்தேழு வரை காத்திருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தான்.
பெர்ரி. பொத்தான் மாற்றிப் போட்ட ஒரு பையன்.
"யாரு?"
"கதையில அவன் பேரு மாறன்."
"என் சட்டைய போட்டிருக்கான்."

பின்னட்டையில் டவுன் சிண்ட்ரோம் என்றிருந்தது.
அந்தச் சொல்லை விரல் தாண்டிப் போய்
என் படத்தில் நின்றது.
"தல சீவல."

கோலாலம்பூரிலிருந்து பதிப்பாளர் கேட்டிருந்தார்:
கடைசி அத்தியாயத்தில் பையனுக்குக் குணமாகிவிட்டால்
பிள்ளைகள் சந்தோஷப்படுவார்களே?
எதிலிருந்து, என்றேன்.
தொலைபேசிக்குள் அவர் தேத்தண்ணீர் உறிஞ்சும் சத்தம்.
அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு
ஒரு வருடமாக
நான் நல்லவளாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

வாசித்துக் காட்டினேன்.
எலி வரும் இடத்தில் சிரித்தான்.
அம்மா வரும் இடத்தில் தண்ணீர் குடிக்கப் போனான்.

பக்கம் நாற்பத்தாறு.
பெர்ரி ஊதுகிறது. மாறன் நடுங்குகிறான்.
தங்கை ஓடிவந்து அவன் காதுகளைப் பொத்துகிறாள்.

குணாளன் கையை உயர்த்தினான், வகுப்பில் போல.
"பொய்."

"கதைதானே..."

"நா அழல. நீதான் அழுத.
கவுன்லேயே ஒண்ணுக்குப் போன."

பட்டர்வொர்த் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம்.
எனக்கு ஐந்து, அவனுக்குப் பதினொன்று.
ஒரே ரேகை குறுக்கே ஓடும் அந்த உள்ளங்கைகள்
ஐஸ்கிரீம் பிசுபிசுப்போடு
என் காதுகளை மூடின.
சங்கு நின்ற பிறகும் எடுக்கவில்லை.
கரை வரும்வரை எடுக்கவில்லை.

எப்போது இடம் மாற்றினேன்?
எழுதும்போதா,
எழுத நினைப்பதற்கும் வெகுமுன்பா?

பேனா கேட்டான்.
மாறனை அடித்தான். தங்கையை அடித்தான்.
நாக்கைக் கடித்தபடி ஓரத்தில் எழுதினான்
தனக்குத் தெரிந்த நான்கு எழுத்தை.
ன் வரிக்கு வெளியே விழுந்தது.

"அடுத்தது குடு."
காரில் இன்னும் பத்துப் பிரதி இருந்தது.
"மிச்சம்?"
மூவாயிரம் என்றேன். அவன் அசரவில்லை.
மடிக்காத முப்பத்துமூன்று பெட்டிகளை
என் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

மழை வலுத்தது. நான் மடித்தேன்.
ஒரு மூலையும் சேரவில்லை.
நிமிராமலே சொன்னான்:
"பிரி. மறுபடியும் மடி."