லேபர் தனி

சித்தையா ரோட்டுக் கடையில்
டைலுக்கு ஒரே ஒரு விலைதான் எழுதியிருந்தது.
சதுர அடி எழுபத்திரண்டு.
இரண்டுக்கு நான்கடிப் பலகை,
கலங்கிய வெள்ளையில் ஓடும் சாம்பல் நரம்பு.
மேலே ஒரு சோபா போட்டிருந்தார்கள்.
சோபாவில் யாருமில்லை, வெளிச்சம் படுத்திருந்தது.
சுதர்சனம் செருப்பைக் கழற்றிவிட்டு
ஏறி நின்று பார்த்தார்.
அவர் பாதம் அவ்வளவு அழகென்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

கொத்தனூர். மூன்றாம் மாடி.
லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் நெட்டுக்குத்தாய் ஒரு இருட்டு.
மேஸ்திரி புட்டசாமி
சாம்பிள் டைலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"ரெண்டுக்கு ரெண்டுன்னா முப்பது மேடம்.
இதுக்கு ஐம்பத்தஞ்சு."
ஏன்?
"இப்பரு பேகு" என்று
இரண்டு விரலைக் காட்டினார்.

பெட்டி அட்டையைக் கிழித்து
அதன் பழுப்பு முதுகில் எழுதினார்:
ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கு இருபத்திரண்டு,
குளியலறை மூலையில் விளிம்பு சீவ அறுபது,
எபாக்சி என்றால் அது வேறே,
லாரியிலிருந்து இறக்கப் பெட்டிக்குப் பத்து,
ஏற்ற, மாடிக்குப் பதினைந்து.
உடைந்தால் உடைந்ததுதான்.
"நரம்பு ஒரு டைல்லேர்ந்து அடுத்ததுக்கு
நேரா ஓடணுமா?"
ஓட வேண்டும் என்றேன்.
அதற்கும் ஒரு எண் வைத்திருந்தார்.

நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு என்று
பன்னிரண்டு வருடமாக
அடுத்தவர்க்குப் பெருக்கித் தந்த விரல்கள் இவை.
நரம்புக்கு எத்தனை மடங்கு?
எந்த ஃபார்முலாவும் கைகொடுக்கவில்லை.

ஆகவே மாடியில் கை வைத்தேன்.
பதினைந்து எதற்கு, பன்னிரண்டு போதும்.
நாற்பத்தைந்து முப்பத்தாறானது.
எழுபத்தாறு பெட்டி.
அறுநூற்று எண்பத்து நாலு ரூபாய் மிச்சம்.
பழகிய கை அடங்குமா,
சின்ன அறைக்குப் பசை வேண்டாம்,
சிமெண்ட் பால் போதும் என்றேன்.
"பெரிய டைல் மேடம்..." என்று இழுத்தார் புட்டசாமி.
இழுத்த வாக்கியத்தை முடிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பிந்தேஷ்வரியும் லல்லனும்
கதிஹாரிலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள்.
துண்டைச் சும்மாடாய்ச் சுற்றி
முப்பது கிலோவைத் தோளில் சாய்த்து
பக்கவாட்டில் ஏறினார்கள், நண்டு மாதிரி.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஒவ்வொரு பெட்டிக்கும் சுவரில் ஒரு பென்சில் கோடு.
நான்கு நின்றால் ஐந்தாவது குறுக்கே.
அவர்கள் டீக்குப் போன நேரம் எண்ணிப் பார்த்தேன்.
எழுபத்தாறு.
ஒன்றுகூட அதிகமில்லை.
ஒரு கோடாவது அதிகம் இருந்திருக்கலாம்.

பால்கனி முடிந்த மாலை
லல்லன் ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டுக்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு மூலையில் இருந்த ஓட்டைக்குப் போனது.
அவன் சிரித்த மாதிரி இருந்தது, இருட்டிவிட்டது, சரியாகத் தெரியவில்லை.
அந்தக் காத்திருப்பு
அட்டையின் எந்த வரியிலும் இல்லை.

மே மாதம் பெயிண்ட் அடித்தார்கள்.
கோடுகள் போயின.

குடிவந்த வாரம்
சுதர்சனத்துக்கு ஐந்து ரூபாய் நாணயம்தான் விளையாட்டு.
மண்டியிட்டுத் தட்டிக்கொண்டே போவார்.
ஹால் டக் டக். சமையலறை டக் டக்.
நரம்பு வாசலில் புறப்பட்டு
எங்கும் அறுபடாமல் ஜன்னல் வரை போகிறது.
சின்ன அறை, ஜன்னலோரம், மூன்றாவது பலகை
டொக் என்றது.
மறுபடி தட்டினார்.
டொக்.
"பாத்தியா, கூலியை எண்ணி வாங்கிட்டு
உள்ள காத்தை வச்சுட்டுப் போயிருக்கான்."

நாணயத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.
கட்டிலை இங்கே போடலாம், என்றேன்.
காற்று நன்றாக வரும்.