விரலுக்கு மீறிய வீக்கம்

டாக்டர் சுதேஷ்ணா தத்தா
வண்டியை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கினார்.
"கான்டெஸா. எண்பத்தாறாம் வருஷம்.
நீளம் இருக்கிறது, மூச்சு இல்லை.
ஹௌரா பாலத்து ஏற்றத்தில்
முட்டைக் கூடை ஏற்றிய வேன்காரன்
எனக்கு ஹார்ன் அடிக்கிறான்."

மல்லிக் பஜாரில் இப்படி வருகிறவர்களுக்கு
ஷாதாப் முதலில் டீ சொல்வான்,
பிறகு விலை சொல்வான்.
அவர் டீயையும் குடித்தார்,
விலையையும் குடித்தார்.

ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர்.
ஜப்பானில் யாரோ எதிலோ பின்பக்கமாக மோதி
முடித்துக்கொண்ட வண்டியின் முன்பாதி.
கிதர்பூரில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.
ரேடியேட்டர் இடுக்கில் ஒரு சிவந்த இலை.
எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.

"இதயத்தை மாத்துறோம் டாக்டர்" என்று
வெல்டர் பொல்ட்டு கவிதை பேசினான்.
"மயக்கமருந்து கொடுக்கிறவள் நான்.
திறந்த நெஞ்சு எத்தனையோ பார்த்தாச்சு.
ஒன்றிலும் ஆயில் ஒழுகவில்லை.
வேலையைப் பார்."

பார்த்தோம்.
நான்கு விரல் கடை இடம் போதவில்லை.
டேஷ்போர்டுக்குப் பின்னிருந்த தகட்டைக் கிழித்தோம்,
கியர்பாக்ஸுக்காகத் தரையை உள்பக்கம் அடித்து உயர்த்தினோம்.
ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துக் கடை கண்ணாடிக்காரர்
தன் சரக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வயரிங் என்னுடையது.
பழைய வண்டியில் இருந்ததெல்லாம்
பூஜைப் பந்தல் சீரியல் பல்பு அளவுக்குத்தான்.
புதியது ஒரு கொடிப்பந்தல்; நூற்றுச் சொச்சம் கம்பி,
படிக்கத் தெரியாத எழுத்து.
பதினோரு ராத்திரி.
பன்னிரண்டாவது ராத்திரி மஞ்சளும் பச்சையும் தொட்டன,
ஃபேன் சுற்றியது,
நான் பெண் பெற்றவன்போல் வெளியே ஓடிப்போய்க் கத்தினேன்.

ஷாதாப் சிரிக்கவில்லை.
"சாவி கிடையாது. முதலில் பிரேக்."
இன்னும் நாற்பதாயிரமா என்றார் டாக்டர்.
"தூங்கவைக்க எவனுக்கும் தெரியும்,
எழுப்பத் தெரிந்தவளுக்குத்தான் சம்பளம்
என்று நீங்கதானே சொன்னீங்க?
இது அதுக்குத் தலைகீழ்."
பணம் வந்தது.

கோனா எக்ஸ்பிரஸ்வே. விடிகாலை மூன்று மணி.
ஃபியூஸ் பெட்டியை மடியில் குழந்தைபோல் வைத்து
பின்சீட்டில் நான்.
முதல் கியரில் உறுமல்.
இரண்டாவதில் முதுகுக்குப் பின்னால் சீட் இருப்பது தெரிந்தது.
லாரிகள் பின்னோக்கி ஓடின.
மூன்றாவது

டணார்.

அதன்பின் என்ஜின் மட்டும் ஆகாயத்துக்குக் கத்தியது,
சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.
பின் அச்சு. ஐம்பது குதிரைக்கென்று பிறந்தது,
முந்நூறைக் கண்டதும் முறிந்துகொண்டது.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்;
நாங்கள் வீக்கத்தை வாங்கிவிட்டு
விரலை மறந்திருந்தோம்.

பிரேக் பிடித்தது.
கோடு போட்டதுபோல், ஓரமாக.

டாக்டர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து
வாட்சைப் பார்த்தார்.
"நூற்று நாற்பத்திரண்டு" என்றார்,
ஏதோ பரீட்சை மார்க்போல.

ரோந்து ஜீப் வந்தது. கான்ஸ்டபிள் டார்ச் அடித்து
ஆர்.சி. புத்தகத்தைப் படித்தார்:
ஆயிரத்தைந்நூறு சி.சி., ஐந்து பேர், கறுப்பு.
பானெட்டைத் திறக்கச் சொன்னார்.
வெகுநேரம் பார்த்தார்.
"கறுப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"எவ்வளவு வேகம்?"
"இப்போதைக்குப் பூஜ்யம்" என்றார் டாக்டர்.

எழுதுகோலை மூடி வைத்தார் மனிதர்.
நாளைக்கு எழுதுவாரோ என்னவோ.
தள்ளுவதற்கு ஆள் குறைந்தது;
தொப்பியை என் மடிப்பெட்டிமேல் வைத்துவிட்டு
அவரும் ஒரு கை கொடுத்தார்.

நடந்துகொண்டே ஷாதாப் போனில் பேசினான்:
"தூக்கத்தைக் கெடுத்ததுக்கு மன்னிக்கணும்.
மிலிட்டரி ஜீப் அச்சு ஒண்ணு சொன்னியே,
வித்துட்டியா?"