டீச்சர் கொடுத்தனுப்பிய தாள்

"வீட்டிலும் ஒருமுறை பேசுங்கள்"
டூரி டீச்சரின் தாள்
நான்காய் மடிந்து ஒரு வாரமாய்
என் மழைக்கோட்டுப் பையில்.
இவள் அம்மாவின் மீன்கப்பல் திரும்ப
இன்னும் இருபது நாள்.

வீட்டில் பேச வாயெடுத்தால்
உருளைக்கிழங்கு பொங்கி வழியும், நாய் குரைக்கும்,
ஒன்றுமில்லாவிட்டால்
நானே எழுந்துபோய்க் கொட்டிலைப் பூட்டுவேன்,
பூட்டியதையே மறுபடி.

இன்று கார் கடலடிச் சுரங்கத்தில் இறங்கியதும்
முகம் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது.
ஸ்டீயரிங்கிடம் சொன்னேன்:
"மார்யுன், வயசு ஆக ஆக... உடம்பு... மாசாமாசம்..."

"ரத்தமாப்பா?"
டயரில் காற்று இருக்கா என்று கேட்கிற குரல்.
"ஆகஸ்ட்லயே வந்தாச்சு.
அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.
நீ எப்போ ஆரம்பிப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

தலைக்கு மேலே மொத்த அட்லாண்டிக்.
நான் கியரை மாற்றினேன், தேவையே இல்லாமல்.

"உனக்கும் அப்போ யாரும் சொல்லலையா?"
குரல் உடைந்த வருஷம்
பள்ளியில் வாயே திறக்காமல் இருந்ததைச் சொன்னேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"பேட் தீர்ந்துபோச்சு.
கிளாக்ஸ்விக் கடையில நிறுத்து.
நீதான் போய் வாங்கணும்."

சுரங்கத்துக்கு வெளியே ஓரங்கட்டினேன். மழை.
எந்த அளவு, இறக்கை வைத்ததா, எத்தனை
அவள் சொல்லச் சொல்ல
டீச்சரின் தாளிலேயே
எழுதிக்கொண்டேன்.