சாவி இருபத்திரண்டு

விற்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
பதினேழு பேர் நேரில், மற்றவர்க்குப் பவர் பத்திரம்:
பினாங்கிலிருந்து ஒன்று, மெல்போர்னிலிருந்து இரண்டு,
விலாசம் மாறித் திரும்பி வந்து
மறுபடி தபாலில் போனது ஒன்று.
வாங்குபவர் கோயமுத்தூர்க்காரர்.
பின்கட்டில் நீச்சல்குளம் வரப்போகும் இடத்தைச்
செல்போனில் நீலமாகக் காட்டினார்.

எழுதுபவன் நான்.
தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனிலிருந்து
கூப்பிடு தூரம் இந்தச் சத்திரம்.
ராமேசுவரம் போகிறவர்கள்
ஓர் இரவு உடம்பைக் கிடத்திவிட்டுப் போன இடம்.

சொத்து விவரத்துக்காக ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
தனியாக அடுப்படி;
நூறு பேருக்கு உலை வைத்த கோட்டையடுப்புக்குள்
ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது.
கிணறு ஒன்று, ராட்டினம் இல்லை.
வண்டிக் கொட்டகையில் கல்தொட்டிகள்,
சக்கரமில்லாத அம்பாசிடர்
(அது யார் பங்கு என்பது இன்னும் தீரவில்லை).
கொட்டகையை ஒட்டி
வண்டிக்காரர்களுக்கென்று கட்டிய அறைகள் ஆறு.

நிதி, நிட்சேபம், சலம், தரு, பாடாணம்
என்று எப்போதும் எழுதுகிற வரியை எழுதினேன்.
மண்ணுக்கடியில் புதையல் இருந்தால் வாங்குபவருக்கு.
தண்ணீர், மரம், கல் அவருக்கு.
இனிமேல் வரக்கூடியதும் அவருக்கே.
வந்து போனதற்கு
அந்த வரியில் சொல்லில்லை.

ஆடிட்டர் அடைக்கம்மை
கார் பானெட்டின் மேல் சாவிகளைப் பரப்பி எண்ணினார்.
கதவு இருபத்து மூன்று, சாவி இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினார்.
கொட்டகை அறை நாலு.
மற்றதிலெல்லாம் பழைய பித்தளைப் பூட்டு,
அதில் மட்டும் அலிகார் பூட்டு, அதுவும் துருப்பிடித்து.
"உடைத்துக்கொள்வார்கள், எழுதுங்கள்" என்றார்.

கணக்கறை மாடத்தில்
எலி கடித்த பேரேடுகளுக்கு அடியில்
தங்கினவர் ஏடு கிடைத்தது.
பேர், ஊர், போகுமிடம், வந்த நேரம், போன நேரம்.
சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது.
பாதி ஏட்டுக்கு மேல் யாரோ
அதன் தலைப்பில் கோடு கிழித்திருந்தார்கள்.
கோட்டுக்குக் கீழேயும் சிலர் எழுதியிருந்தார்கள்.

குரோதி வருடம், மார்கழி 6.
சே. காத்தமுத்து, கீரனூர்.
கூட ஒரு பெண்பிள்ளை.
போகுமிடம் தனுஷ்கோடி.
கொட்டகை அறை நாலு.
போன நேரம் எழுதவில்லை.
ஓரத்தில் வேறு மையில்,
வேறு கையெழுத்தில்:
சாவி வரவில்லை.

அடைக்கம்மை விரல்விட்டு எண்ணி
"அறுபத்து நாலு" என்றார்.
அதன் பிறகு கொஞ்ச நேரம்
காரைக் கிளப்பச் சொல்லி
யாரும் டிரைவரைக் கூப்பிடவில்லை.

வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதினேன்.
காலி நிலையில் சுவாதீனம் ஒப்படைத்தோம் என்று எழுதினேன்.
இந்த இரண்டு வரியையும்
முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.
பட்டியலின் கடைசியில் எழுதினேன்:
சாவி இருபத்திரண்டு. ஒன்று வெளியே போயிருக்கிறது.

சார்பதிவாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"என்னய்யா இது? அடிச்சிடு."
அடிக்கலாம்.
அடித்தால், அடித்த இடத்தில்
எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும்.
பாதிப்பேர் அதற்குள் சாப்பிடப் போய்விட்டார்கள்,
இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல்
வேறு வேறு ஓட்டலுக்கு.
பினாங்கு பங்குக்கு வந்த பவர் ஏஜெண்டு
மதுரை ஏர்போர்ட் ரோட்டில் இருந்தார்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
முத்திரை விழுந்தது.

வாசலில் கோயமுத்தூர்க்காரர் கேட்டார்,
அந்த ரூமை என்ன செய்வது என்று.
"யாராவது சாவி கொண்டுவந்தால்
வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
சிரித்தார்.
காரில் ஏறி, கதவைச் சாத்தப் போனவர்
சாத்தாமல் திரும்பி,
"ராத்திரியில் வந்தால்?" என்றார்.